கேட்காமல் வரும் ஆபாசப் படம்: எது குற்றம், எந்தப் பிரிவு, ஆதாரத்தை எப்படி வைப்பது

அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு "ஹாய்" வருகிறது. பதில் போடவில்லை. சற்று நேரத்தில் ஒரு படம். திறந்தால் எவனோ ஒருவனின் பிறப்புறுப்பு. இப்படி ஒன்று நடந்ததென்று வெளியே சொன்னால், கேட்பவர்களிடமிருந்து பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். "பிளாக் பண்ணிட்டு வேலையைப் பாரு." "66ஏ-ல புகார் கொடு, தூக்கி உள்ள வெச்சிருவாங்க." "அவன் தன்னோட படத்தைத்தானே அனுப்பினான், இதுல என்ன கேஸ் இருக்கு?"

முதல் யோசனையை அவசரப்பட்டுச் செய்தால் ஆதாரம் கைவிட்டுப் போகும். இரண்டாவது ஆள் சொல்லும் தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 2015-லேயே செத்துப்போனது. மூன்றாவது ஆள் குற்றம் எங்கே இருக்கிறது என்பதையே பிடிக்கவில்லை. அங்கிருந்தே தொடங்கலாம்.

மூன்று வேறு குற்றங்கள்

"ஆபாசப் பட கேஸ்" என்று பேச்சில் ஒரே மூட்டையாகக் கட்டப்படுபவை உண்மையில் மூன்று.

ஒன்று, பார்க்க விரும்பாதவருக்கு அந்தரங்கப் படத்தை அனுப்புவது. இதற்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் சைபர் ஃபிளாஷிங். படம் அனுப்பியவனுடையதாகவும் இருக்கலாம், இணையத்தில் எடுத்ததாகவும் இருக்கலாம். இங்கே பாதிக்கப்படுபவர் படத்தைப் பெறுபவர்.

இரண்டு, ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமில்லாமல் எடுப்பது அல்லது பரப்புவது. பிரிந்துபோன காதலன் பழைய படங்களை நண்பர்கள் குழுவில் போடுவது இந்த வகை. பாதிக்கப்படுபவர் படத்தில் இருப்பவர்.

மூன்று, அந்தரங்கப் படத்தையோ வீடியோ அழைப்பின் பதிவையோ காட்டிப் பணம் கேட்டு மிரட்டுவது. இதில் மிரட்டிப் பறித்தல் பிரிவுகளும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வது முக்கியம். காரணம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ என்ற பிரிவைப் பலர் மூன்றுக்கும் பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தப் பிரிவு படத்தில் இருப்பவரின் சம்மதத்தைத்தான் பார்க்கிறது. தன் படத்தைத் தானே எடுத்து அனுப்பியவன் மேல் அது பாயாது.

படம் ஆபாசமா, திணித்தது குற்றமா?

குடிப்பதும் குடிக்காமல் இருப்பதும் ஒருவரின் விருப்பம். குடிக்காத ஒருவரின் வாயைப் பிடித்துத் திறந்து ஒருவன் பிராந்தியை ஊற்றிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு நடக்கும்போது "அது உயர்ந்த சரக்கா, கலப்படமா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? ஊற்றியது எதுவாக இருந்தாலும் ஊற்றியதுதான் குற்றம்.

கேட்காமல் வரும் படத்திலும் இதே நிலைமை. அதே படம் இருவர் விரும்பிப் பகிர்ந்துகொண்டதாக இருந்தால் அங்கே பாதிக்கப்பட்டவர் என்று யாரும் இல்லை. விரும்பாதவர் கண்முன் வந்து விழுந்தால் இருக்கிறார். ஆனால் இந்தியாவில் இணையத்துக்கென எழுதப்பட்ட சட்டம் சரக்கின் தரத்தை விசாரிக்கும் சட்டமாகத்தான் பிறந்தது. பெறுபவரின் விருப்பத்தைப் பேசும் சட்டம் வேறோர் இடத்திலிருந்து வந்தது. புகார் எழுதும்போது இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் என்ன சொல்கிறது

2000-ஆம் ஆண்டின் ஐ.டி. சட்டத்தில் நமக்கு வேண்டியவை இரண்டு பிரிவுகள்.

பிரிவு 67: ஆபாசமான எதையும் மின்னணு வடிவில் வெளியிடுவது, அனுப்புவது. முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை, 10 லட்சம் வரை.

பிரிவு 67ஏ: வெளிப்படையான பாலியல் செயலைக் காட்டும் உள்ளடக்கம். முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். மறுபடி என்றால் 7 ஆண்டு வரை.

இரண்டிலும் "அனுப்புவது" என்ற சொல் இருப்பதால் ஒரே ஒருவருக்குத் தனிச்செய்தியில் அனுப்பினாலும் பொருந்தும். "பொது இடத்தில் போடவில்லையே" என்ற வாதம் எடுபடாது. அனுப்புபவர், பெறுபவர் ஆணா பெண்ணா என்ற பேதமும் கிடையாது. இது ஒரு பெரிய பலம்.

பலவீனம், "சம்மதமில்லாமல்" என்ற சொல் இவற்றில் இல்லாதது. எனவே நீதிமன்றத்தில் பேச்சு படத்தைச் சுற்றியே ஓடும். அது ஆபாசமா? 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் நிர்வாணம் மட்டுமே ஆபாசமாகிவிடாது, சமகாலச் சமூக அளவுகோலில் வைத்து முழுமையாகப் பார்க்க வேண்டும் என்றது. கலைக்கும் பத்திரிகைக்கும் நல்ல தீர்ப்பு. ஆனால் நள்ளிரவில் ஒருத்திக்கு உறுப்பின் படத்தை அனுப்பியவனின் வக்கீலும் அதையே கையில் எடுக்கலாம். 67ஏ-இலும் இழுபறி உண்டு. அந்தப் பிரிவு கேட்பது பாலியல் "செயல் அல்லது நடத்தை". சுயஇன்பக் காட்சி அதில் அடங்கும் என்று வாதிடுவது எளிது. அசையாத உறுப்பின் படம் மட்டும் என்றால், 67-தான் பொருந்தும், 67ஏ பொருந்தாது என்ற வாதம் வரும்.

இதில் நடைமுறை வேறுபாடு பெரிது. 3 ஆண்டுத் தண்டனை உள்ள குற்றம் இந்தச் சட்டத்தின்படி பிணையில் விடக்கூடியது. 67ஏ அப்படியல்ல. காவல் நிலையத்தில் "67ஏ போடுங்கள்" என்று ஒரு தரப்பும் "67 போதும்" என்று மறுதரப்பும் மல்லுக்கு நிற்பது இதற்காகத்தான்.

இனி அந்த 66ஏ. புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கியிருந்த பிரிவு அது. பேச்சுரிமையை மீறுகிறது என்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் முழுவதுமாக ரத்து செய்துவிட்டது. புகாரில் அதை எழுதக் கூடாது. எழுதினால் வழக்குக்குப் பலமில்லை, எதிர்த்தரப்புக்குத்தான் வேலை மிச்சம்.

விருப்பத்தைப் பேசும் பிரிவு

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. சுருக்கமாக பி.என்.எஸ். அதன் 75-ஆம் பிரிவு பாலியல் தொல்லை பற்றியது. பழைய எண் 354ஏ. அதில் மூன்றாவதாக வருவது, ஒரு பெண்ணின் விருப்பத்துக்கு மாறாக ஆபாசப் படம் காட்டுவது. தண்டனை 3 ஆண்டு வரை கடுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இந்தச் சொற்கள் கைபேசிக் காலத்தில் உருவானவை அல்ல. பணியிடப் பாலியல் தொல்லை எது என்று 1997-இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு பட்டியலிட்டபோதே ஆபாசப் படம் காட்டுவது அதில் இடம்பெற்றது. அன்று அந்தச் சொற்கள் மனதில் கொண்டுவந்திருக்கக்கூடியது, மேசை மேல் யாரோ விரித்துவைக்கும் பத்திரிகைப் பக்கம். 2013 திருத்தத்தில் அது தண்டனைச் சட்டத்துக்குள் வந்தது, அங்கிருந்து பி.என்.எஸ்.-க்கு. வாட்ஸ்அப்பையும் இன்ஸ்டாகிராமையும் கனவில்கூட நினைக்காத ஒரு வரி, இணையத்துக்கென்றே எழுதிய 67-ஐ விடக் குற்றத்தின் மையத்துக்கு நெருக்கமாக நிற்கிறது. காரணம் "விருப்பத்துக்கு மாறாக" என்ற சொல். அனுப்பியவன் எதற்காக அனுப்பினான், விளையாட்டுக்கா வக்கிரத்துக்கா என்று இந்த வரி கேட்கவில்லை. பெறுபவர் விரும்பினாரா இல்லையா என்பதே கேள்வி.

ஆனால் இதன் எல்லை குறுகியது. ஆண் செய்வது, பெண்ணுக்குச் செய்வது மட்டுமே 75-இல் வரும். ஒரு ஆணுக்கு இப்படிப் படம் வந்தால் அவர் ஐ.டி. சட்டத்தைத்தான் நம்ப வேண்டும்.

துணைக்கு வருபவை இரண்டு. பிரிவு 79 (பழைய 509): ஒரு பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தில் எந்தப் பொருளையும் எந்த வடிவிலும் அவள் பார்க்கும்படி காட்டுவது, அவளது தனிமையில் அத்துமீறுவது. 3 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். இங்கே நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். பிரிவு 78, பின்தொடர்தல்: விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது. பிளாக் செய்தபின் புதுப்புது எண்களில் வருபவன் மேல் இது பாயும். "இனி எனக்கு எதுவும் அனுப்பாதீர்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் 78-க்கு அது வலுவான ஆதாரம். 75-க்கு அப்படி எழுதியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் படமே போதும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பிடித்தால்: பெறுபவர் பெண், அனுப்பியவன் ஆண் என்றால் பி.என்.எஸ். 75, 79 உடன் ஐ.டி. சட்டம் 67 அல்லது 67ஏ. தொடர்ந்து வந்தால் 78-உம் சேரும். மற்றவர்களுக்கு முதன்மையாக ஐ.டி. சட்டம். 66ஏ இல்லை, 66இ இங்கே பொருந்தாது.

மற்ற நாடுகள் எப்படி எழுதியிருக்கின்றன

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2024 ஜனவரி 31 முதல் இது தனிக் குற்றம். பிரிவின் எண், தற்செயலாக, அங்கேயும் 66ஏ. அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. முதல் தண்டனை அந்த ஆண்டு மார்ச்சிலேயே சவுத்எண்ட் நீதிமன்றத்தில் வந்தது. வாட்ஸ்அப்பில் 15 வயதுச் சிறுமிக்கும் ஒரு பெண்ணுக்கும் படம் அனுப்பியவனுக்கு, முந்தைய தண்டனை நிபந்தனையை மீறியதையும் சேர்த்து 66 வாரச் சிறை. அந்தப் பெண் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து அன்றே போலீஸில் சொன்னார்.

அந்தச் சட்டத்தில் ஓட்டை ஒன்றும் உண்டு. மனவேதனையோ அவமானமோ தரும் நோக்கம், அல்லது பாலியல் இன்பம் பெறும் நோக்கம் இருந்ததென்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். "நண்பர்கள் பந்தயம் கட்டினார்கள், சிரிப்புக்கு அனுப்பினேன்" என்பவன் நழுவ இடமிருக்கிறது. நோக்கத்தை விட்டுவிட்டுச் சம்மதத்தை மட்டும் பாருங்கள் என்று சட்டப் பேராசிரியர் கிளேர் மெக்லின் உள்ளிட்டோர் வாதாடினார்கள். நாடாளுமன்றம் ஏற்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நம் 75 மேல் என்றுதான் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் குற்றவியல் சட்டத்தின் 377பிஎஃப் பிரிவு இதைக் கவனிக்கிறது. சம்மதமின்மை, நோக்கம் இரண்டும் வேண்டும். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் 2019-இல் குற்றமாக்கியது, ஆனால் 500 டாலர் வரை அபராதம் மட்டும். கலிபோர்னியா சிறையைத் தொடவே இல்லை. பாதிக்கப்பட்டவர் உரிமையியல் வழக்குப் போட்டு 1,500 முதல் 30,000 டாலர் வரை இழப்பீடு வாங்கலாம் என்று 2023 முதல் வைத்திருக்கிறது.

ஆதாரம் கெடும் இடங்கள்

சட்டம் தெரிந்தவர்களும் கோட்டைவிடுவது இங்கேதான். வரிசை முக்கியம்: முதலில் பதிவு, பிறகு புகார், கடைசியில் பிளாக்.

படம் மட்டும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டால் பயன் குறைவு. அனுப்பியவரின் எண், தேதி, நேரம், முன்பின் செய்திகள் ஒரே திரையில் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் "தொல்லை 2" என்று சேமித்து வைத்திருந்தால் ஸ்கிரீன்ஷாட்டில் அந்தப் பெயர்தான் விழும், எண் விழாது. அதனால் தொடர்பு விவரப் பக்கத்தையும் தனியாக எடுக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் பயனர் பெயரை அவன் நாளைக்கே மாற்றிவிடலாம். ஆகவே பெயர், புரொஃபைல் இணைப்பு இரண்டையும் குறித்துக்கொண்டு, புரொஃபைலில் தொடங்கி உரையாடலுக்குள் போவதை ஒரே மூச்சில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்வது நல்லது.

வியூ ஒன்ஸ் என்ற ஒருமுறை மட்டும் பார்க்கும் படத்தை வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது. மூடிவிட்டால் மறுபடி திறக்காது. திறந்தபடியே இன்னொரு கைபேசியால் திரையைப் படம் எடுப்பதுதான் வழி. சாதாரணப் படமாக இருந்தாலும், அனுப்பியவன் ஏறத்தாழ இரண்டரை நாள் வரை "எல்லோருக்கும் நீக்கு" கொடுக்க முடியும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்பு வட்டம் போடுவது, மங்கலாக்குவது, வெட்டுவது எதுவும் வேண்டாம். யாருக்காவது காட்டவேண்டி மறைத்தே ஆக வேண்டுமென்றால் நகலில் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தின் நகலோடு ஒரு சான்றிதழ் கேட்பார்கள். அதில் ஹேஷ் மதிப்பு எழுத வேண்டும். ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் நீண்ட எண்ணெழுத்துச் சரம் அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் சரம் வேறாகிவிடும். சான்றிதழின் முதல் பகுதியை ஆதாரம் தருபவரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். இதை விசாரணை அதிகாரி வழிநடத்துவார். உங்கள் பொறுப்பு கைபேசியைப் பத்திரமாக வைப்பது: விற்காதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள்.

ஐபோனின் ஏர்டிராப் தனிக்கதை. அது எண்ணோ கணக்கோ இல்லாமல், பக்கத்தில் இருக்கும் கருவிக்கு நேரடியாகப் போவது. ஏற்கவா, மறுக்கவா என்று கேட்கும் பெட்டியிலேயே படத்தின் முன்தோற்றம் தெரிந்துவிடும் என்பதால் மறுத்தாலும் பார்த்ததாகிவிடும். அனுப்பியவரைப் பற்றித் திரையில் காண்பது கருவியின் பெயர் மட்டும், அதையும் எவரும் மாற்றலாம். எனவே இங்கே தடுப்பதுதான் உருப்படியான வேலை. அமைப்புகளில் ஏர்டிராப்பைத் தொடர்புகளுக்கு மட்டும் என்று வையுங்கள். ஐஓஎஸ் 16.2-க்குப் பிறகு "எல்லோருக்கும்" என்பது 10 நிமிடத்தில் தானாக அணைந்துவிடும்.

புகார் கொடுக்கும் வழி

cybercrime.gov.in என்று அறியப்படும் தேசிய சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் அப்படித் தந்தால் அது என்ன ஆனது என்று பின்தொடர முடியாது. வழக்கு நடக்க வேண்டுமென்றால் பெயரோடு கொடுப்பதே சரி. 1930 என்ற எண் முதன்மையாகப் பண மோசடிக்கானது. பெண்கள் உதவிக்கு 181.

நேரில் போவதென்றால் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். "இது எங்க எல்லை இல்லம்மா" என்று திருப்பி அனுப்ப முடியாது. குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-ஆம் பிரிவு, எல்லை பார்க்காமல் தகவலைப் பதிவுசெய்யச் சொல்கிறது. இதற்குப் பேச்சுவழக்கில் ஜீரோ எஃப்.ஐ.ஆர். மின்னஞ்சலிலும் அனுப்பலாம், 3 நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். 75, 78, 79 பிரிவுகளில் பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவுசெய்ய வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஐ.டி. சட்டக் குற்றத்தை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். பதிவுசெய்ய மறுத்தால் அடுத்த படி காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புவது, அதற்கும் அடுத்தது நீதித்துறை நடுவர்.

3 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் நீதிமன்றம் வழக்கை ஏற்க 3 ஆண்டுக் காலவரம்பு உண்டு. அதை நம்பி ஆற அமர இருந்துவிடக் கூடாது. நீக்கிய உள்ளடக்கத்தையும், கணக்கை மூடியவரின் பதிவு விவரத்தையும் சமூக ஊடக நிறுவனங்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதே 2021 ஐ.டி. விதிகளின் கணக்கு. அதற்குமேல் போனால் போலிக் கணக்குக்குப் பின்னால் இருப்பவனைத் தேடுவது கடினம்.

படம் ஏதாவது குழுவில் விழுந்திருந்தால் அட்மின் மேல் பாயும் பழக்கம் இருக்கிறது. பிறர் போட்டதற்கு அட்மின் என்பதால் மட்டும் பொறுப்பாகமாட்டார் என்று பம்பாய், சென்னை, கேரள உயர் நீதிமன்றங்கள் 2021, 2022-இல் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டன. போட்டவன்தான் பொறுப்பு.

சிறார் சம்பந்தப்பட்டால்

பெறுபவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவு வரும். சிறுவனா சிறுமியா என்ற பேதமில்லை. 3 ஆண்டு வரை சிறை, அபராதம். நடந்தது தெரிந்தவர் போலீஸில் சொல்லியாக வேண்டும், மறைப்பதே தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் 1098.

படத்தில் இருப்பது சிறார் என்றால் மேலே சொன்ன ஆதார யோசனைகள் மாறிவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், "பாருங்க, என்ன அனுப்பியிருக்கான்" என்று நியாயம் கேட்கவும் யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அனுப்பிய எண், நேரம் இரண்டை மட்டும் எழுதிக்கொண்டு உடனே புகார் கொடுங்கள். இத்தகைய படத்தைப் பதிவிறக்கிப் பார்த்ததே குற்றமாகாது என்ற தொனியில் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் தந்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் ரத்து செய்தது.

அனுப்பியவர் அலுவலகத்தில் ஒருவர் என்றால்

இரவு 11 மணிக்கு மேலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் "ஆபீஸ் நேரம் இல்லையே, ஆபீஸ் குரூப் இல்லையே" என்று ஹெச்.ஆர். கைகழுவப் பார்க்கலாம். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் விளக்கத்திலும் ஆபாசப் படம் காட்டுவது வருகிறது. வேலை உறவை ஒட்டி நடந்ததா என்பதுதான் வாதத்துக்குரியது, கடிகாரம் அல்ல. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதத்துக்குக் காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் தரலாம். 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். இடையில் அவருக்குக் கீழே வேலை செய்யாமல் இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ கேட்டு வாங்கலாம். அந்த விடுப்பு உங்கள் கணக்கில் இருக்கும் விடுப்பில் கழியாது. குழுவிடம் போனதால் போலீஸுக்குப் போக முடியாது என்றோ, போலீஸுக்குப் போனதால் குழு கைவிரிக்கலாம் என்றோ சட்டத்தில் எங்கும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.